எதிர்ச்சுற்று

பேட்டை பழைய இரும்புக் கடையில்
கிலோ முப்பத்தெட்டு என்றார்கள்.
தராசில் நானூற்றுப் பதினாறு.
ஈரம் கழிக்கணும் என்றேன்.
"இரும்புல ஏதுக்கா ஈரம்?" என்றான் செய்யது மசூது.
தண்ணீர்த் தொட்டிக்குள் தோள்வரை கைவிட்டு
ஒரு குத்துச் சேறு அள்ளிக் காட்டினேன்.
நாலு கிலோ குறைந்தது.

பதினையாயிரத்து அறுநூற்று ஐம்பத்தாறு ரூபாய்.
முக்கூடல் பீடிக் கம்பெனியில்
இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்,
வீட்டு நோட்டிலும் செலவு எழுதுவேன்.
'எதற்கு' என்ற கட்டத்தில்
பேனா அன்று நின்றுவிட்டது.
காலியாக விட்டு அடுத்த வரிக்குப் போனேன்:
தக்காளி, அரைக் கிலோ.

பெயர்த் தகட்டில் மிஞ்சியது இவ்வளவுதான்:
ஐந்து குதிரை, அறுநூற்றைம்பது சுற்று.
ஊரையும் வருஷத்தையும் துரு தின்றிருந்தது.
புகைக்குழாய்க்குள் குளவி கட்டிய ஐந்து அறை.
பிஸ்டன் அசையவில்லை.
டீசலும் மண்ணெண்ணெயும் பாதிக்குப் பாதி ஊற்றி
பதினோரு நாள் ஊறப்போட்டேன்.
தினமும் ஆபீஸ் விட்டு வந்து
வேப்பங்கட்டை வைத்து ஒரே ஒரு அடி.
பன்னிரண்டாம் நாள்
ஒரு நகக்கண் இறங்கியது.
தெருவே கேட்கும்படி நான் கத்தியதாக
மறுநாள் சொன்னார்கள்.

அப்புறம் வால்வு.
பசை தடவி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்,
இந்தப் பக்கம் அந்தப் பக்கம்,
உள்ளங்கை காய்க்கும்வரை உருட்டி
அதன் முதுகில் மண்ணெண்ணெய் ஊற்றி
ராத்திரி முழுக்க விட்டேன்.
விடிந்து பார்த்தால், கீழே விரித்த பேப்பரில்
ஒரு பொட்டு ஈரம் இல்லை.
கம்பெனி வருஷக் கணக்கு
பைசா சுத்தமாய் நேர்ந்த அன்றுகூட
எனக்கு இப்படி இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுப் பக்கத்து வயல்.
மசூது வந்தான். மருமகனையும் கூட்டி வந்தான்.
வரப்பில் பூல்பாண்டி அண்ணாச்சி,
இலவசக் கரண்டில் மோட்டார் ஓட்டுகிறவர்.
"ஏளா, ஸ்விட்சு போட்டா தண்ணி வருது.
இது எதுக்குளா?"
நான் லீவரைத் தூக்கினேன்.
கைப்பிடி ஒரு சுற்று, ரெண்டு சுற்று,
சக்கரம் தன் கனத்தில் தானே போக ஆரம்பித்ததும்
லீவரை விட்டேன்.
கொஞ்சம் முந்திவிட்டேன் போல.
சக்கரம் அமுக்கத்தில் முட்டி
மூச்சுத் திணறி நின்று
திரும்பி
ஓடியது.

ஓடியதுதான்! டுபுக் டுபுக் டுபுக்,
யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.
காற்று வடிகட்டி பக்கம் குனிந்திருந்த மசூதின் முகத்தில்
கரும்புகை பூசியது.
தரையில் கிடந்த பேப்பர் எழும்பிப் போய்
புகைக்குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டது,
பால் குடிக்கிற மாதிரி.
மருமகன்தான் முதலில் பார்த்தான்:
"மாமா, ரிவர்ஸ்!"
விடவேண்டிய குழாயால் இழுத்து
இழுக்கவேண்டிய குழாயால் விட்டு
துளியும் வெட்கமில்லாமல்
அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்தியிருக்க வேண்டும்.
எதிர்ச்சுற்றில் எண்ணெய் ஏறாது,
பேரிங் போய்விடும், எனக்குத் தெரியும்.
ஆனாலும் ஒரு பத்து விநாடி
(பதினான்கு, நான் எண்ணுகிறவள்)
சும்மா நின்று பார்த்தேன்.
இதற்கு ஓட இஷ்டம்.
எந்தப் பக்கம் என்பதெல்லாம் நம் கவலை.
பிறகு டீசலை மூடினேன்.
பேப்பர் விழுந்தது.
அண்ணாச்சி வரப்பிலிருந்து இறங்கி வந்து
"நேரா ஓடுமா?" என்றார்.
துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு
கைப்பிடியை அவரே பிடித்தார்.

நேராக ஓடியது.
தண்ணீர் இறைக்கவில்லை, பெல்ட்டே மாட்டவில்லை.
நாலு பேரும் நடுப்பகல் வரை
ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆற்றில் முகம் கழுவி வந்த மசூதுக்கு
காதோரம் கரி போகவில்லை.
"பாக்கியக்கா, களக்காட்டுல
ஒரு கதிரடிக்கிற மெஷின் கெடக்கு.
டிரம்முக்குள்ள கோழி அடை கெடக்குதாம்."

எத்தனை கிலோ இருக்கும், என்றேன்.
"கோழியோடயா?"